கல்யாண மண்டபத்தில் நெல் காயப்போட்டது

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்தேன். எழுதினால் சாமி தீர்த்தத்தைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். எழுதாவிட்டாலோ ஊர் வேறு விதமாகச் சொல்கிறது. அம்மன் மேல் பாரத்தைப் போட்டுத் தொடங்குகிறேன்.

பூதலூர் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபம் உண்டு. வெளிநாடு போன பிள்ளைகளுக்குச் சம்பளம் குறைந்த வருஷம், ஊரில் கல்யாணமெல்லாம் கோயிலில் தாலி, வீட்டில் சாப்பாடு என்று சுருங்கிவிட்டன. மண்டபத்தை விலைக்கு வாங்கிப் பூச்சிமருந்து குடோன் ஆக்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். புரட்டாசி முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்றேன். அம்மன் படம் மாட்டிய மேடையில் பூச்சிமருந்தா என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்தப் புரட்டாசியில் குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்து வந்தன. நெல்லில் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் அரசு கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். தார் ரோட்டில் கொட்டிக் காயவைப்பதுதான் எங்கள் வழக்கம். விபத்து நடக்கிறதென்று அதற்கும் தடை போட்டுவிட்டார்கள். மூன்று ஏக்கர் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஒரு அம்மாள், ஈர நெல்லும் டிராக்டருமாக என் மண்டப வாசலில் மழைக்கு ஒதுங்கினார்.

“உள்ள எத்தனை ஃபேன் அண்ணே?”

“இருபத்துநாலும்மா.”

“முகூர்த்தம் இல்லாத மாசத்துல யாருக்குச் சுத்துது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் வாடகை பேசினோம். இந்த நெல்லை நிலையத்தில் எடுத்துக்கொண்டால் மற்றவர்களும் வருவார்கள். திருப்பி அனுப்பினால் மண்டபம் குடோன்தான்.

நெல் லட்சுமியாயிற்றே. மூட்டை தூக்கியவர்கள் செருப்பை வாசலில் விட்டார்கள். என் மனைவி கோலம் போட்டு ஆரத்தி சுற்றினாள். “எங்களுக்குப் பொண்ணு வீட்டு ரூமா, மாப்பிள்ளை வீட்டு ரூமா?” என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் மேடை வரைக்கும் பரப்பினார். எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் விட்டேன். பதர் பறந்து, வாசலில் கைகூப்பி நிற்கும் பொம்மைக்கு மீசை முளைத்தது.

மூன்று நாள் காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தோம். கடித்தால் நறுக்கென்றது. நான்காம் நாள் காலை, வண்டி கிளம்பும் நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. கோயிலிலிருந்து வாங்கி வந்த மஞ்சள் தீர்த்தத்தை, வாய் தைக்காமல் இருந்த முதல் மூட்டையில் தெளித்தேன். இரண்டு சொட்டு போதும். பக்தியில் கை தாராளமாகி, சொம்பு காலியாகிவிட்டது.

நிலையத்து எழுத்தர் சரியாக அந்த மூட்டையிலேயே கையை விட்டார். கருவி இருபத்திரண்டு காட்டியது.

“என்னங்க, மண்டபத்துல காயவச்சீங்களா, குளிப்பாட்டுனீங்களா?”

அந்த அம்மாள் மஞ்சளாயிருந்த நெல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நாலு மாசம் சேத்துல நின்னேன். ஒரு சொம்புல முடிச்சிட்டீங்களேண்ணே!”

மழைச்சாரல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தீர்த்தத்தை மழை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நடந்ததைச் சொன்னேன். வரிசை முழுக்கச் சிரித்தது. எழுத்தரும் சிரித்துக்கொண்டே வேறு நாலைந்து மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். பதினாறு. “இந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் போயி அம்மனுக்கே பொங்கிடுங்க” என்றார்.

சிரித்தவர்களில் பாதிப்பேர் சாயங்காலத்துக்குள் மண்டப வாசலில் டிராக்டரோடு நின்றார்கள். குடோன்காரருக்கு முடியாதென்று சொல்லியனுப்பினேன். அந்த அம்மாளிடம் வாடகை வேண்டாம் என்றேன்.

“வாடகைய வாங்கிக்குங்க. சொம்ப மட்டும் எங்கிட்டக் குடுத்துடுங்க” என்றார்.

இப்போது ஊரில், அம்மன் என் கனவில் வந்து நெல் கொட்டச் சொன்னதாகப் பேசுகிறார்கள். அப்படி ஒரு கனவும் வரவில்லை. வந்தது டிராக்டரில் அந்த அம்மாள். அவரை அந்த வாசலில் ஒதுங்க வைத்தது யாரென்று எனக்குத் தெரியும், அது போதும். தொழில் படுத்துக் கலங்கி நிற்பவர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். கனவைச் சேர்க்காதீர்கள், சொம்பை விட்டுவிடாதீர்கள்.