பொருளியல் தேர்வும் அண்ணனின் பாடும்

உப்புநீர் பட்டு உலர்ந்த காகிதத்துக்கு ஒரு தனி வாசம் உண்டு. கருவாட்டுக் கூடையும் அச்சு மையும் கலந்தது போன்ற அந்த வாசம்தான் எனக்குப் பொருளியல். அந்தப் பாடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை; பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு நிரம்பிவிட்டதால் அது எனக்கு வாய்த்தது. ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்திலிருந்து நாள்தோறும் படகேறி, பழவேற்காட்டுக் கரைக்குச் சென்று படித்துத் திரும்பிய அந்த இரண்டு ஆண்டுகளில், பாடநூல் நனைந்து நனைந்து மூட முடியாத அளவுக்குப் பருத்துவிட்டது. 'இன்னாடா, உன் பொஸ்தகம் மாசமா கீதா?' என்று படகில் வரும் மீன்காரப் பெண்கள் கேலி செய்வார்கள்.

பொருளியலின் விதிகள் பெரும்பாலும் 'இதர நிலைமைகள் மாறாதிருப்பின்' என்ற நிபந்தனையோடுதான் வரும். நான் உரக்கப் படிப்பதைக் கேட்டுக்கொண்டே கிழிந்த வலையைப் பொத்தும் நைனா, எங்கள் பக்கத்தில் தந்தையை அப்படித்தான் அழைப்போம், ஒருநாள் பொறுமையிழந்து, 'காத்து மாறும், தண்ணி மாறும், எதுடா மாறாம கீது?' என்றார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். எனினும் அந்நூலில் ஒரு கருத்து என்னைக் கவர்ந்திருந்தது. ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்போது கைவிட நேர்கிற அடுத்த சிறந்த வாய்ப்பே தேர்ந்ததன் உண்மையான விலை. அதற்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர்.

அதை நான் நேரில் கண்ட நாளைச் சொல்லுமுன் எங்கள் ஏரியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களுக்கு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, ஒருவர்பின் ஒருவராக முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். தன் பாடு வரும் நாளில், கடலேற்றத் தண்ணீர் வற்றத் தொடங்குமுன் உரியவர் அங்கே கழி ஊன்றி நின்றாக வேண்டும். நிற்காதவர் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். மீண்டும் மேலே வர மாதங்கள் ஆகும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தேர்வும் அண்ணன் கன்னியப்பனின் பாடும் ஒரே காலையில் வந்து சேர்ந்தன. தேர்வு மையம் பொன்னேரியில். என்னைக் கரைசேர்ப்பதாகச் சொல்லியிருந்த படகுக்காரர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். மற்றப் படகுகள் விடியலிலேயே இறாலைத் தேடிப் போய்விட்டன. நைனா கால் வீங்கிப் படுத்திருந்தார். துறையில் சீருடையோடு நின்ற என்னை, கழிகளை ஏற்றிய படகிலிருந்து அண்ணன் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். கழிகளை ஒவ்வொன்றாகக் கரையில் இறக்கினார்.

'ஏறு.'

'அண்ணா, பாடு?'

'பாடு திரும்பி வரும். பரீச்சை வருமா? ஏறுடா பேமானி.'

பரீட்சையும் திரும்பி வரும். தவறியவர்களுக்குச் செப்டம்பரில் மறுதேர்வு உண்டு என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். வழிநெடுக அண்ணன், துணி சுற்றிய வலக்கையைப் படகின் விளிம்பில் தேய்த்துக்கொண்டே கோல் ஊன்றினார். கயிறு அறுத்த புண் என்று எண்ணிக்கொண்டேன்.

வினாத்தாளில் வாய்ப்புச் செலவே கேட்கப்பட்டிருந்தது. பாடநூலில் இருந்த நெல்வயல் எடுத்துக்காட்டை எழுதினேன். அண்ணனை எழுதவில்லை.

மீதித் தேர்வுகள் முடியும்வரை பொன்னேரியில் உறவினர் வீட்டில் தங்கினேன். பின்னர்க் கல்லூரிக்காகச் சென்னை சென்றேன். அந்த ஆண்டே அண்ணன் மணம் முடித்து, ஏரியை விட்டு, அண்ணியின் ஊரான அனுப்பம்பட்டில் அரிசி ஆலை வேலைக்குப் போய்விட்டார் என்று கடிதம் வந்தது. பாட்டை இழந்ததால்தான் ஏரியையும் இழந்தார் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். அதே பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கற்பித்தேன். வாய்ப்புச் செலவு என்று கரும்பலகையில் எழுதிய ஒவ்வொரு முறையும், உமித்தூசியில் நிற்கும் ஒரு மீனவர் என் கண்முன் வந்தார். அவரிடமோ ஊரில் வேறு யாரிடமோ ஒருமுறையும் கேட்கத் துணியவில்லை.

சென்ற மாதம் அண்ணன் காலமானார். காரியம் முடிந்த மறுநாள், அண்ணியிடம் அனைத்தையும் சொன்னேன், செப்டம்பர்த் தேர்வு உட்பட.

'யார் சொன்னா பாடு போச்சுன்னு?' என்றார் அண்ணி. 'கரையில கழி கெடந்தத பாத்துட்டு, அடுத்த பாட்டுக்காரரே உங்கண்ணன் பேர்ல வலை கட்டிட்டார். தம்பிய பரீச்சைக்கு இட்டுனு போனவன் பாடு அவனுதுதான்னு ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க. சாயங்காலம் மீனு வூட்டுக்கே வந்துச்சாம்.'

'அப்புறம் ஏன் அண்ணி ஏரியை விட்டார்?'

அண்ணி அந்த மாதத்தில் முதன்முறையாகச் சிரித்தார். 'இறாலு தொட்டா அவருக்குக் கையெல்லாம் தடிச்சிடும். ரத்தம் வர சொறிவார். பசியாவரத்துல பொறந்துட்டு இறாலுக்குப் பயந்து ஓடினேன்னு வெளிய சொல்ல முடியுமா? துணிய சுத்தி மறைச்சினு இருந்தார். எங்க நைனா மில்லு வேலன்னதும் மொதல்ல குதிச்சதே அவருதான்.'

'என்னிடம் சொல்லவே இல்லையே.'

'நீ கேட்டியா? இத்தினி படிச்சிட்டு, ஒரு வார்த்த கேக்கத் தெரியல உனக்கு. செப்டம்பர் பரீச்சையும் அவருக்குத் தெரியும். இன்னும் ஆறு மாசம் இதர நிலைமைகள்னு கத்தினே கெடப்பான், அந்த பேஜார எவன் கேக்கறதுன்னுதான் இட்டுனு போனாராம்.'

அனுப்பம்பட்டு நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது, துணி சுற்றிய அந்தக் கையை நினைத்துக்கொண்டேன். அவர் இழந்ததாக நான் எண்ணியது, அவர் தப்பித்து வந்த ஒன்று. பசியாவரத்தில் இன்றும் சீட்டுப் போட்டுப் பாடு பிரிக்கிறார்கள் என்று அண்ணி சொன்னார். நனைந்து பருத்த என் பாடநூல் எங்கோ போய்விட்டது; அண்ணன் போய்விட்டார்; நாற்பது ஆண்டுகளாக நான் சுமந்த குற்றவுணர்வும் போய்விட்டது. முதல் இரண்டுக்கு மட்டும் வருந்துகிறேன்.