பென்னலூர் வரை ஏழு அசைகள்

மாலை மூன்றரை. ஒரகடம் தொழிற்சாலை வாசலில் ஷிஃப்ட் பேருந்துகள் புறப்படக் காத்திருந்தன. சனிக்கிழமைதோறும் பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி இங்கே ஸ்பானிஷ் சொல்லித்தர வருகிறேன். இன்றைக்கு வந்து சேர்ந்த பிறகு, அவசர ஆர்டராம், வகுப்பு கிடையாது, பேருந்திலேயே சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். நல்ல கூத்து.

பக்கத்தில் உட்கார்ந்த முத்துக்குமாரி சங்கரன்கோவில் பெண். பழுதான கருவிகளின் திருகுகளைக் கழற்றுவது அவள் வேலை. நாளைக் காலை மெக்சிகோ கிளையிலிருந்து போனில் தேர்வு. தேறினால் அங்கே இரண்டு வருட வேலை. தேறாவிட்டால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு. செய்த வேலையைச் சொல்லச் சொல்வார்கள். அதற்கான வினைச்சொல் சரக்கு ரயில் மாதிரி நீளம்: தெ-சா-தோர்-நி-யா-பா-மோஸ். 'திருகு கழற்றிக்கொண்டிருந்தோம்' என்று பொருள். ஏழு அசை, அழுத்தம் ஐந்தாவதான 'யா'வில். இவளோ எல்லா அசையையும் ஒரே மட்டத்தில் சொல்வாள். ஒத்திகையில் எதிர்முனைக்காரருக்குப் புரியவே இல்லை.

வல்லம் தாண்டுவதற்குள் பேருந்தே தூங்கிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து போகும்போது பேசக் கூடாதென்று யாரும் எழுதிவைக்கவில்லை. பேசினால் அத்தனை பேரும் பகையாளி. அதனால் என் மணிக்கட்டில் கட்டைவிரலால் தட்டினாள். நான்கு மெதுவாக, ஐந்தாவது அழுத்தி, பிறகு இரண்டு. விரல் சரியாகத்தான் இருந்தது. எனக்கும் கண் சொருகியது.

பிள்ளைப்பாக்கத்தில், "வாயால சொல்லு" என்றேன்.

"எல்லாரும் உறங்குதாவ டீச்சர்."

"நாளைக்குப் போன்ல விரலையா காட்டுவ?"

முணுமுணுத்தாள். பழைய தட்டைச் சத்தம். அலுப்பில், "அப்ப ஊருக்கே போ" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. அவள் கண் கலங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

பின்வரிசையில் ஒரு உள்ளூர் அக்கா முகத்திலிருந்து முந்தானையை விலக்கினார். "யாரும்மா அது, யான்னு கத்திகினு? தூங்க வுடு."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "அக்கா, வேற என்ன கேட்டுச்சு?"

"வேற இன்னா? அது ஒண்ணுதான் காதுல வுழுந்துச்சு."

முத்துக்குமாரி சிரித்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா முந்தானையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டார். உள்ளிருந்து குரல் வந்தது: "பென்னலூர் வர்ற வரிக்கும் கத்து. நான் தூங்கிக்கிறேன்."

பென்னலூரில் அவள் விடுதிக்கு இறங்கிப் போனாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பேருந்து முழுக்கக் குறட்டை. நாளைக் காலை அவள் போனைப் பிடித்திருக்கும்போது நான் பூந்தமல்லியில் காபி குடித்துக்கொண்டிருப்பேன். அத்தனை அலுப்பிலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மணிக்கட்டில் ஐந்தாவது அசை விழுந்த இடம் இன்னும் சிவந்திருந்தது.