நடுத்திட்டின் ஒரே ஓட்டு

நடுத்திட்டுக் கால்பந்துக் கழகத்துக்குத் தலைவர், செயலாளர், கோல்கீப்பர் எல்லாமே முத்துராஜ்தான். கழகத்துக்கு மைதானம் கிடையாது. சொல்லப்போனால் நடுத்திட்டில் ஊரே கிடையாது. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேற்கே, தண்ணீருக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் மணல் மேடு அது. முத்துராஜ் நண்டு வலை காயப்போட நாலு கொம்பு, ஒரு ஓலைக் கொட்டகை, கணக்கில்லாத நீர்க்காக்கைகள், அவ்வளவுதான். ஐப்பசி மழை பிடித்தால் அந்த மேடும் தண்ணீருக்குள் போய்விடும்.

இந்த இடத்துக்கு ஒரு கழகம் வாய்த்தது ஆதிநாராயணனால். பெரியமேட்டுக்குப்பத்தில் வலைக்கடை வைத்திருப்பவர். ஏரிக்கரைக் கால்பந்துச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவர். பத்து வருடத்துக்கு முன்னால், உலகக் கால்பந்தையே ஆளுகிற பெரிய சங்கத்து ஆட்களைச் சுவிட்சர்லாந்து ஓட்டல் ஒன்றில் விடியற்காலையில் எழுப்பிப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன செய்தி டி.வி.யில் ஓடியது. வலைக்கடையில் நின்று பார்த்த எல்லாரும் 'த்சொ த்சொ' என்றார்கள். ஆதிநாராயணன் மட்டும் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

“பாத்தியா முத்து, அங்க எம்மாம் பெரிய நாடா இருந்தாலும் ஒரு ஓட்டுதான். உன் திட்டு அளவு தீவா இருந்தாலும் ஒரு ஓட்டுதான். இது தெரியாம நான் ஒம்போது வருசமா பெரிய ஊருக்காரன் காலப் புடிச்சினு கீறேன்.”

“அவங்களத்தான் போலீஸ் புடிச்சிட்டாங்களே, தலைவரே?”

“மாட்டுனவனையா பாக்க சொன்னேன்? ஏற்பாட்டப் பாருடா.”

மறுமாதமே நடுத்திட்டுக் கழகம் பிறந்தது. ஆட்டக்காரர் பட்டியலில் முத்துராஜும், துபாய்க்கும் சவூதிக்கும் வேலைக்குப் போய்விட்ட பத்துப் பேரும். ஆட்டம் என்று ஒன்று நடந்தால்தானே? வராத அணி தோற்ற அணி. புள்ளிப் பட்டியலில் இருபத்தொன்றாவது, கடைசி இடம். அந்த இடத்தை நடுத்திட்டு இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை முத்துராஜ் படகு தள்ளிக்கொண்டு வந்து ஆதிநாராயணனுக்குக் கை தூக்குவான். டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போவான்.

முத்துராஜ் சுபாவம் அப்படி. நாற்பத்தாறு வயதாகிறது, இதுவரை யாருக்கும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அவர்கள் மனசு என்ன பாடுபடுமோ என்று இரண்டு நாள் தூக்கம் வராது. மனைவி கீதா சொல்வாள்: “உன்ன ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் கூப்புட்டா நீ நடுவுல கிழிஞ்சிடுவே.” இந்த வருடம் அதுதான் நடந்தது.

இந்த முறை ஆதிநாராயணனை எதிர்த்து அப்துல் ஷுக்கூர் நின்றார். பழவேற்காட்டில் ஐஸ் கடை வைத்திருக்கும் பாய். ‘சங்கத்தைக் கழுவிச் சுத்தம் செய்வோம்’ என்று நோட்டீஸ் அடித்தார். எண்ணிப் பார்த்தால் பத்து ஊர் இந்தப் பக்கம், பத்து ஊர் அந்தப் பக்கம். மிச்சம் இருந்தது நீர்க்காக்கைகளின் ஓட்டு.

ஆதிநாராயணன் ஒரு புது நண்டு வலையைக் கொடுத்தனுப்பினார். அதே நாள் மத்தியானம் ஷுக்கூரிடமிருந்து ஒரு முழு பாளம் ஐஸ், மினி லாரியில், வாசலில் வந்து இறங்கியது.

“இன்னா பாய் இது?” என்று போனில் பதறினான் முத்துராஜ்.

“அன்பளிப்புப்பா.”

“ஊழலை ஒழிக்கணும்னு நீங்கதானே நோட்டீஸ் போட்டீங்க?”

“சாயங்காலத்துக்குள்ள தானா ஒழிஞ்சிடும். வலை மாதிரி வருசக்கணக்கா நிக்காது. அதான் அவருக்கும் எனக்கும் வித்தியாசம்.”

சாயங்காலம் வாசலில் ஈரம்தான் இருந்தது. கீதா அதற்குள் நாலு கூடை இறாலை ஐஸில் போட்டு மீஞ்சூருக்கு அனுப்பிவிட்டாள். ஆக, வலையையும் தொட்டாயிற்று, ஐஸையும் தொட்டாயிற்று. இரண்டு பேருக்கும் ‘சரி’ என்றும் சொல்லியாயிற்று.

வலைக்கும் ஐஸுக்கும் மயங்குகிற ஆள் இல்லை அவன். அவனுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. பதினாறு வயது மகள் நிவேதா பொன்னேரிப் பள்ளியில் கோல்கீப்பர். மாவட்டப் பெண்கள் அணிக்கு எடுத்திருந்தார்கள். விண்ணப்பத்தில் உள்ளூர்ச் சங்கத் தலைவர் கையெழுத்தும் சீலும் வேண்டும். திருவள்ளூர் அலுவலகத்தில் கொடுக்கக் கடைசி நாள், தேர்தல் முடிந்து ஒன்பதாம் நாள் மாலை ஐந்து மணி. ஆதிநாராயணனிடம் கேட்டபோது, “தேர்தல் முடியட்டும், நீ கை தூக்கு, நான் பேனாவத் தூக்குறேன்” என்றார். ஷுக்கூர், “நான் வந்தா மொத கையெழுத்தே உம் பொண்ணுக்குத்தான்” என்றார். இரண்டு பேர் சொன்னதையும் முத்துராஜ் நம்பினான். அதனால்தான் பயமே.

தேர்தல் அன்று காலை மீன் ஏலக் கூடத்தில் கூட்டம். கை தூக்கும் ஓட்டு. “ஆதிநாராயணன்!” என்றதும் பத்துக் கை. “அப்துல் ஷுக்கூர்!” என்றதும் பத்துக் கை. எல்லார் முகமும் முத்துராஜ் பக்கம் திரும்பியது. அவன் இந்தப் பக்கம் பார்த்தான், ஆதிநாராயணன் கண்ணைச் சிமிட்டினார். அந்தப் பக்கம் பார்த்தான், ஷுக்கூர் தாடியைத் தடவினார். முத்துராஜ் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

“பதினொண்ணுக்குப் பதினொண்ணு” என்று எண்ணியவர் அறிவித்தார்.

“ஆளு இருபத்தொண்ணு, ஓட்டு எப்டிடா இருபத்திரண்டு?” என்று கத்தினான் முள்ளுக்குப்பத்துச் சிவசங்கர். ஆதிநாராயணனின் ஆள்.

“வலது கைதான் எண்ணணும்!”

“எவன் சொன்னான்? சங்கச் சட்டத்துல எந்தக் கைன்னு போட்டுக்குதா?”

வெயில் உச்சிக்கு ஏறும்வரை வாதம் நடந்தது. இரண்டு நாற்காலி உடைந்தது. இன்னொரு தேர்தல் வைக்க ஒரு மாதம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மாதம்! நிவேதாவின் தாளுக்கு ஒன்பது நாள்தான். முத்துராஜ் வாழ்நாளில் முதன்முறையாகக் கூட்டத்தில் எழுந்து பேசினான்.

“பாடு போட்டுடலாமே!”

பாடு என்பது ஏரியில் வலை கட்டும் முறை. இறால் நிறைய விழும் தண்ணீர் எல்லாருக்கும் பொது. சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று நாள் நாளாகப் பிரித்துக்கொள்வார்கள். கோல் விழுந்ததா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் அதே ஆட்கள், பாடு வரிசையில் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். தலைவர் பதவிக்குப் பாடு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. பாடு என்றதும் எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

இருபத்தோரு சீட்டை இறால் கூடையில் போட்டார்கள். அந்தப் பக்கம் போன மீன்காரி குப்பம்மா ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தாள். “இன்னாத்துக்குடா இது?” என்று கேட்டாள். “தலைவருக்கு” என்றார்கள். “இருபத்தோரு தலைவரா? நல்லா வெளங்கும்” என்று சொல்லிவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு போனாள். ஷுக்கூருக்கு முதல் நாள். ஆதிநாராயணனுக்கு ஒன்பதாம் நாள். முத்துராஜுக்குப் பதினாறாம் நாள்.

முதல் நாள் ஷுக்கூர் சொன்ன சொல் காப்பாற்றினார். கைப்பிடி வைத்த தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் நிவேதாவின் தாளில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். அன்று திருவள்ளூர் அலுவலகம் விடுமுறை. மறுநாள் காலை முத்துராஜ் பஸ் நிறுத்தத்தில் நிற்கையில் சிவசங்கர் பைக்கில் வந்து இறங்கினான்.

“இன்னைக்கி நான் தலைவரு. நேத்து பாய் போட்டதெல்லாம் ரத்து. தாளக் குடுண்ணா.”

“எம் பொண்ணுக்கும் உங்க சண்டைக்கும் இன்னாடா?”

“பொண்ணு மேல கோவம் இல்லண்ணா. பாய் கையெழுத்து மேலதான்.” கோடு கிழித்து, ‘ரத்து’ என்று எழுதி, பொறுப்பாகச் சீலும் குத்திக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் தலைவர், தனக்குப் புரியவில்லை என்ற காரணத்தால் ஆஃப்சைடை ஒழித்தார். கையோடு நிவேதாவுக்கும் கையெழுத்துப் போட்டார். நாலாம் நாள் தலைவர் ஆஃப்சைடை மீட்டு, கையெழுத்தை அடித்தார். ஐந்தாம் நாள் வந்தவர் ஆறு வருடத்துக்கு முந்தைய கோப்பையைத் தம் ஊர்தான் வென்றது என்று தீர்மானம் போட்டார். கேட்டவுடன் கையெழுத்தும் போட்டார். ஆறாம் நாள் இரண்டும் போயிற்று. ஒவ்வொரு நாளும் தாள் கைக்கு வருவதற்குள் பொன்னேரி பஸ் போய்விடும். மறுநாள் விடிந்தால் வேறு தலைவர். ஏழாம் நாள்காரர் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சங்கத்தின் சரித்திரத்திலேயே நல்ல தலைவர் அவர்தான் என்று இன்றும் பேச்சு. எட்டாம் நாள்காரர் பச்சை மையில் போட்டார்; அது அதிகாரிகள் மை என்று யாரோ சொல்ல, பயந்துபோய் அவரே அடித்துவிட்டார்.

ஒரு நன்மையும் நடந்தது. யாரும் யாருக்கும் அன்பளிப்புக் கொடுக்கவில்லை. “ஐஸு உருகுறதுக்குள்ள தலைவர் மாறிடுறாரு, யாருக்குன்னு அனுப்புறது?” என்று ஷுக்கூரே சலித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் விடியும்போதே முத்துராஜ் வலைக்கடை வாசலில் நின்றான். இன்று மாலை ஐந்து மணிக்குள் கொடுத்துவிட்டால் நாளைக்கு வருகிறவன் அடிக்க முடியாது. இன்று கையெழுத்து விழவில்லை என்றால் அவ்வளவுதான். உள்ளே ஆதிநாராயணன் குளித்து, பட்டை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கயிறு கட்டிச் சீல் தொங்கியது.

“ரெண்டு கையத் தூக்குனவன் வந்துட்டான்” என்றார்.

“தப்புதாண்ணா. பொண்ணு விசயம். எதுவானாலும் பாத்துக்கலாம், கையெழுத்து மட்டும்...”

தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்துகளும் கோடுகளும் சீல்களுமாக அது தாள் போலவே இல்லை. வெகுநேரம் பார்த்தபின் மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காத குரலில், “உன் பாடு எப்போ?” என்றார்.

“பதினாறாம் நாள்.”

“அத எனக்குக் குடுத்துடு.”

அந்த ஒரு நாளுக்கு முத்துராஜிடம் ஒரு யோசனை இருந்தது. கீதாவிடம்கூடச் சொல்லவில்லை. நடுத்திட்டில் தண்ணீர் வடிந்ததும் ஒரே ஒரு ஆட்டம் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட நினைத்திருந்தான். நாலு கொம்பு ஏற்கனவே இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் கோல் ஆச்சு.

“இன்னாடா யோசன? பத்தொம்போது வருசம் உக்காந்தவன்டா நான். இன்னைக்கி ராத்திரி இந்த நாக்காலியத் தூக்கினு போயிடுவானுங்க. இன்னும் ஒரே ஒரு நாளு கேக்குறேன்.” அவர் குரல் உடைந்ததைக் கேட்க முத்துராஜுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவனுக்கே தெரியாத ஒரு தைரியம் வந்தது.

“மொதல்ல கையெழுத்துப் போடுண்ணா. அப்பறம் தர்றேன்.”

ஆதிநாராயணன் போட்டார். மூன்று இடத்தில் சீல் குத்தினார். கீழே ‘இது ரத்தாகாது’ என்றும் எழுதினார்.

திருவள்ளூர் அலுவலகத்தில் நாலே முக்காலுக்கு அந்தத் தாளை வாங்கிய அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இத்தனை கையெழுத்து இருக்கே, இதுல யாரு தலைவர்?”

“எல்லாருமே தலைவருங்கதாம்மா. கடைசியா போட்டவருதான் இன்னைக்கி.”

அவர் கடியாரத்தைப் பார்த்தார், முத்துராஜைப் பார்த்தார், வாங்கி வைத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் ஐப்பசி மழை விட்டிருந்தது. ஆதிநாராயணன் வேட்டி சட்டை மாற்றி ஏலக் கூடத்துக்குக் கிளம்பும்போது ஷுக்கூர் வழி மறித்தார்.

“எங்க போறீங்க? உங்க கையில இருக்குறது நடுத்திட்டுப் பாடு. பாடு கைமாறலாம். தண்ணி மாறாது. பாடு உள்ளவன் அவன் எடத்துல இருக்கணும், இல்லன்னா அன்னைக்கிப் பாடு போச்சு. நான் சொல்லித் தெரியணுமா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பாடு விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆதிநாராயணனும் ஏரிக்காரர்தானே, படகுத்துறைப் பக்கம் திரும்பினார்.

ஆகவே முத்துராஜ் நாற்காலியையும் தலைவரையும் படகில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனான். திட்டு முழங்கால் ஆழத்தில் கிடந்தது. நாலு கொம்பின் நுனியும் கொட்டகைக் கூரையும்தான் அடையாளம். நாற்காலியை மணலில் அழுத்தி ஊன்றினான். ஆதிநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதி நனைய உட்கார்ந்தார். ஒரு நீர்க்காக்கை வந்து கைப்பிடியில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைத்தது.

“எழுதிக்கோ” என்றார் தலைவர். “ஆயுள் முழுக்க ஆதிநாராயணனே தலைவர்.”

“எழுத நோட்டு எடுத்தாரலியே.”

“அப்ப மனசுல வெச்சிக்கோ.”

“நாளைக்கி வர்றவரு ரத்து பண்ணிடுவாருண்ணா.”

“தெரியும்டா. இன்னைக்காவது இருக்கட்டும்.”

முத்துராஜ் படகில் சாய்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கண் அடிக்கடி போனுக்குப் போனது. திருவள்ளூரில் நிவேதாவின் ஆட்டம் இந்நேரம் முடிந்திருக்கும். படகின் முனைக்குப் போய்க் கையை உயர்த்திப் பிடித்தபோதுதான் சிக்னல் வந்தது. உடனே மணி அடித்தது.

“நைனா!” நிவேதாவுக்கு மூச்சு வாங்கியது. “நாலு கோல் வாங்கிட்டேன் நைனா. தோத்துட்டோம்.”

“மழைச் சேத்துலயா ஆடுனே? முழுசும் நீதான் நின்னியா?”

“முழுசும் நான்தான். ஒரு பெனால்டி புடிச்சேன். எல்லாரும் கை தட்டுனாங்க.”

பின்னால் தண்ணீரிலிருந்து ஆதிநாராயணன் கூவினார்: “இன்னா ஆச்சு? ஜெயிச்சிச்சா?”

“நாலு கோலுல தோத்துட்டாங்கண்ணா! ஆனா ஆடிட்டா!”

தலைவர் கழுத்துக் கயிற்றிலிருந்த சீலைக் கையில் எடுத்தார். “நாலுல மூணு ஆஃப்சைடு. செல்லாது. தலைவர் சொல்றேன், பொண்ணுகிட்ட சொல்லு” என்று சொல்லி, குத்துவதற்குத் தாள் எதுவும் இல்லாததால், நாற்காலியின் ஈரக் கைப்பிடியில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். நீர்க்காக்கை எழும்பிப் பறந்தது.