மாமா சமாதானத்துக்குப் போனது

இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்ட கதையை எனக்கு முதலில் விளக்கியவர் அப்பா. ஆரப்பாளையத்தில் எந்த வீட்டில் அண்ணன் தம்பி சண்டை என்றாலும் பேசி முடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். முடிந்ததும் பேசி வைத்தவர் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக் கை நனைக்க வேண்டும். அப்பா அதில் குறை வைத்ததே இல்லை. "அங்க தமிழாளுக தனி நாடு கேக்குறாக, அரசாங்கம் தர மாட்டேங்குது. நம்ம நாடு நடுவுல நின்னு பேசி வைக்குது" என்றார். அமைதி காக்கப் போன ராணுவத்தில் என் தாய்மாமாவும் இருந்ததால் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம். சண்டைக்குப் பயந்து கணவரோடு இங்கே வந்தவர் அவர். அவருடைய அம்மா மட்டும் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டாராம். எழுமலையிலிருந்து சொல்லிக்கொள்ள வந்த மாமாவிடம் ஒரு சுங்குடிச் சேலையைக் கொடுத்து, வீட்டுக்கு வழியும் சொன்னார்.

"அம்மாட்ட குடுங்கோ தம்பி. நான் சுகமா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"குடுத்துட்டுத்தான்க்கா மறுவேல" என்றார் மாமா.

சில மாதங்களிலேயே வானொலிச் செய்தி மாறிவிட்டது. சமாதானத்துக்குப் போன நம் ராணுவத்துக்கும் தனி நாடு கேட்டவர்களுக்குமே சண்டையாம். ஒருநாள் அக்காவின் ஊர்ப் பெயரையும் சொன்னார்கள். அதன்பிறகு செய்தி கேட்க அவர் கீழே வருவதில்லை. எல்லாப் பஞ்சாயத்துக்கும் கருத்து வைத்திருந்த அப்பாவும் அந்தச் செய்தி வந்தால் வானொலியை அணைத்துவிடுவார்.

மாமா விடுப்பில் வந்தபோது இளைத்துப் போயிருந்தார். நான் ஓடிப்போய், "ரெண்டு தரப்பு வீட்லயும் சாப்டீங்களா மாமா?" என்று கேட்டேன். அவர் பையைத் திறந்து, மடிப்புக் கலையாத சேலையை எடுத்து வைத்தார். படியிறங்கி வந்த அக்கா சேலையைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார்.

"அந்தத் தெருவுக்குப் போனேன்க்கா..." என்று மாமா ஆரம்பித்தார்.

"மறந்துபோனியள் போல" என்று அக்கா அவசரமாகக் குறுக்கிட்டார். "உங்களுக்கு வேலை கூடத்தானே தம்பி."

மாமா பையை மூடிக்கொண்டே, "ஆமாக்கா, மறந்துட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கத் துப்பில்லையா என்று அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அக்கா அவரைத் திட்டாமல் விட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. மாமா மறந்திருந்தால்தான் அந்த அம்மா இன்னும் அந்த வீட்டில் இருக்க முடியும் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.