மேடு என்றேன், பள்ளம் என்றார்

மலையைக் கண்ணால் காணாமலே அதற்காகச் சண்டை பிடித்தவள் நான். முரசுமோட்டையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான். ஆனாலும் வரைபடத்தில் குன்று எது, பள்ளத்தாக்கு எது என்று பிரித்தறிய எங்கள் வாத்தியார் கற்றுத் தந்திருந்தார். ஒரே உயரமான இடங்களைத் தொடுக்கும் கோடு வளையமாக மூடி, உள்ளே எண் கூடினால் மேடு, குறைந்தால் பள்ளம். வகுப்பில் இதைப் பிழைவிடாமல் சொல்பவள் நான் ஒருத்திதான். அதனால் வந்த தலைக்கனமும் கொஞ்சமல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயலின் நடுப்பகுதி காய்ந்துகொண்டே இருந்தது. திட்டத்தை மேற்பார்க்கும் ஓவசியர் அப்பாவைத் தன் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, கூப்பிட்டார். சைக்கிள் பாரில் தொற்றிக்கொண்டு நானும் போனேன்.

“வாய்க்கால் துப்புரவாக்க உமக்குப் பஞ்சி. பிறகு பயிர் காயாமல் என்ன செய்யும்?” என்று எல்லாருக்கும் முன்னால் அவர் கேட்டார். அப்பா தலையைக் குனிந்து, “ஓம் ஐயா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியமுதலே மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கும் மனிதரா சோம்பேறி?

ஓவசியரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் வயல்களின் வரைபடம் தொங்கியது. எங்கள் காணியின் நடுவில் ஒரு வளையம். உள்ளே கூடிய எண்.

“அப்பாவுக்குப் பஞ்சியில்லை. எங்கட காணி மேடு. படத்திலையே கிடக்கு, பாருங்கோ!”

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். “இவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது ஐயா. அது பள்ளம். பிழை என்னிலைதான்.”

“மேடு!” என்று கத்தினேன். ஓவசியர் சிரித்தார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

திரும்பும்போது நான் சைக்கிளில் ஏற மறுத்துவிட்டேன். வெயிலில் நான் நடக்க, அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“மேடு” என்றேன்.

“பள்ளம்தான், பிள்ளை” என்றார். வீடு வரும்வரை இதே கதைதான்.

அன்று மாலையே அவர் வயலின் நடுவை வெட்டி, மண்ணைக் கடகத்தில் சுமந்து ஓரத்தில் கொட்டத் தொடங்கினார். பிறகு ஒவ்வொரு மாலையும் அதே வேலை. நான் வரம்பில் நின்று, “பள்ளத்தை ஏன் வெட்டுறியள்?” என்று குத்திக் கேட்பேன். அவர் அடுத்த கடகத்தை நிரப்புவார்.

தண்ணீர் ஏறாத காணியைத் திட்டத்திலிருந்து நீக்கி, குடியிருப்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. திரும்பிப் போக எங்களுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை என்பதும் தெரியாது. நான் சொன்னதுதான் சரி. அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த மனிதர் ஒருமுறை தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்திருந்தால், சரியாகச் சொன்ன நானே எங்களை அந்த வயலை விட்டு எழுப்பியிருப்பேன்.