ஆபீஸ் தூணில் ஒரு கோடு

மலாயாவில் பாலோவுக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளின் வயதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆபீஸ் வாசல் தூணில் கத்தியால் ஒரு கோடு கிழித்திருந்தது. தலை கோட்டைத் தொட்டால் முழுப்பேர், பெரிய ஆள். தொடாவிட்டால் அரைப்பேர், சின்னப் பிள்ளை. முழுப்பேர்க்காரர்கள் பால்மரம் வெட்டப் போவார்கள், பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் இறக்க. அரைப்பேர்ப் பிள்ளைகள் புல் பிடுங்க வேண்டும். புல்லுக் கங்காணி கையில் எப்போதும் பிரம்பு. பாவி, கணுக்காலாகப் பார்த்து அடிப்பான்.

அம்மா கணக்குப்படி அக்காவுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. அடி தாங்காமல் அக்கா, "நானும் உன்கூட மரத்துக்கே வந்துர்றேம்மா" என்று தினமும் அழுவாள். கோட்டுக்கு நாலு விரற்கடை குறைந்தாள். அம்மா அவளுக்கு உச்சிக்கொண்டை போட்டாள். அதுவும் பத்தாது என்று உள்ளே பழந்துணியைச் சுருட்டி வைத்தவள் நான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, என் சொந்தப் புத்திதான். விடிகாலைப் பெரட்டில், ஆட்களை எண்ணும்போது, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அவளைத் தூணோடு நிறுத்தினார். கொண்டை கோட்டைத் தொட்டது. கிராணிக்குக் கண் தெரியாதா என்ன? மரம் வெட்ட ஆள் கிடைத்தால் கசக்குமா? செக்ரோல் பதிவேட்டில் முழுப்பேர் எழுதிவிட்டார். அன்றைக்கு நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றும் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றே மாதத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பெண் கேட்டு வந்தார். பெண்டாட்டியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அப்பாவுக்கு இரண்டு வயதுதான் இளையவர். துணைக்கு எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணியும் வந்திருந்தார்.

"பச்சப் புள்ளைங்க அது. இன்னும் சமையக்கூட இல்ல" என்றார் அப்பா.

"செக்ரோல்ல முழுப்பேரு எழுதியிருக்கு. பச்சப் புள்ளைன்னா, அப்ப கிராணிய ஏமாத்துனியா?" என்றார் கங்காணி.

ஆமாம் என்றால் அன்றைக்கே லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார். எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். அடுத்த மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். அக்கா என் கையை விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு கூலிக்காரர்களின் குறை கேட்க ஒரு வெள்ளைக்கார துரை வந்தார். அம்மா துணிந்து போய், "எம்மக சின்னப் புள்ளைங்கய்யா" என்று கும்பிட்டாள். கிராணி செக்ரோலைத் திறந்து காட்டினார். துரை அதைப் பார்த்தார், தலையாட்டினார், காரில் ஏறிப் போய்விட்டார். பிள்ளையை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அக்கா இருந்தது அடுத்த தோட்டத்தில்தான்.

நாலு வருஷம் கழித்து, என்னையும் மறுநாள் தூணில் நிறுத்தச் சொல்லிக் கிராணி ஆள் அனுப்பினார். அன்றைக்கே நான் மொட்டை அடித்துக்கொண்டேன். மாரியாத்தா கனவில் வந்து முடி கேட்டாள் என்று சொன்னேன். ஆத்தாளை எதிர்த்துப் பேச எவனுக்குத் தைரியம் வரும்? சொன்னது பொய்தான். அவள் மன்னித்தால் மன்னிக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். கொண்டை இல்லாத தலை கோட்டுக்கு மூன்று விரற்கடை குறைந்தது. கிராணி முறைத்துவிட்டு மறுபடியும் புல்லுக்கே அனுப்பினார்.

அந்தத் தீபாவளிக்கு அக்கா வந்தாள். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. வாசலில் உட்கார்ந்து என் மொட்டைத் தலையைத் தடவினாள். பிறகு என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கணுக்காலில் இருந்த தழும்புகளைப் பார்த்தாள்.

"இன்னமும் அடிக்கிறானா?"

"ஆமாக்கா. ரொம்ப வலிக்குது."

தழும்பின் மேல் விரலை வைத்தாள்.

"அடிய வாங்கிக்கடி" என்றாள்.