பஞ்சுப் பனிக்கு வந்த விமர்சனங்கள்

ஹார்டு ராக் வாசிக்கிறவனுக்குக் காது கேட்கிற எல்லோரும் விமர்சகர்கள்தான். கோலம் போட்டுவிட்டோ, குழம்பு வைத்துவிட்டோ அடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

ராஜபாளையத்தில் இருபத்தெட்டு வருஷமாக மூன்று பேர் வாசிக்கிறோம். ரெங்கன் கிட்டார் வாசித்துப் பாடுவான். நான் பேஸ் கிட்டார். டிரம்ஸ் செல்வின், நூல் மில்லில் ஃபிட்டர். பத்து வருஷத்துக்கு அப்புறம் இந்தத் தை மாதம் ஒரு ஆல்பம் போட்டோம். பேர் 'பஞ்சுப் பனி', எட்டுப் பாட்டு. நெட்டில் ஏற்றிய அன்றே செல்வின் சொல்லிவிட்டான்: ஒரே ஒரு ஆளாவது எட்டாவது பாட்டு முடியும்வரை கேட்டால் தொடர்ந்து வாசிப்பானாம், இல்லையென்றால் டிரம்ஸைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிடுவானாம். சொன்னால் செய்கிற ஆள். அவன் போய்விட்டால் அதோடு எங்கள் கதையும் முடிந்தது.

வீட்டு விமர்சனம்

முதலில் என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை பாதி மேகத்துக்குள் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, ஷிப்ட் முடிந்தவர்கள் தலையில் பஞ்சோடு காற்றில் மிதந்து வீட்டுக்குப் போகிற மாதிரி என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் அவள் எழுந்துவிட்டாள்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி பாத்திரம் வெளக்குற சத்தத்தைத்தான் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்."

சென்னை விமர்சனம்

நாலு நாள் கழித்து ஒரு இணைய இதழில் எழுதினார்கள். ரெங்கன் அதைப் பிராக்டிஸ் ரூமில் சத்தமாக வாசித்தான். அவன் குரலுக்கு இரண்டு வரி பாராட்டு. என்னைப் பற்றி ஒன்றுமில்லை, அது பழகிப்போச்சு. கடைசி வரி மட்டும் செல்வினுக்கு. சிம்பல் என்றால் டிரம்ஸில் இருக்கிற பித்தளைத் தட்டு. செல்வின் அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னான்.

"சிம்பல் சத்தம் காதுக்குள் ஊசி இறக்குகிறது, நான்காவது பாட்டோடு கழன்றுகொண்டேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் விமர்சனம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற ரேடியோ செட் நண்பர், ஒரு கல்யாணத்தில் பந்தி ஆரம்பிக்கும் முன்னால் எங்கள் ஆல்பத்தைப் போடுவதாகச் சொல்லியிருந்தார். நானும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். போனால் மனுஷன் ஏணி மேல் நிற்கிறார், கையில் ஸ்குரு டிரைவர்.

"அண்ணாச்சி, ஒங்க ரெண்டாவது பாட்டுலயே ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சோன்னு நாலையும் கழட்டிப் பாத்துட்டேன், ஸ்பீக்கர் மேல குத்தமில்ல."

செண்பகத்தோப்பு

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ரெக்கார்டிங் முடிந்ததும் எந்தச் சத்தம் கூட, எது குறைய என்று முடிவு செய்வது செல்வின் மட்டும்தான். முதல் ஆம்ப்ளிஃபையர் அவன் வாங்கியது, அன்றிலிருந்து அப்படி. இந்தத் தடவை சிம்பலைக் கூட்டு, இன்னும் கூட்டு என்று அவன் சொன்னபோது எனக்கே பல் கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

விமர்சனங்கள் வந்து மனசு சரியில்லாத ஒரு சாயங்காலம், நானும் செல்வினும் மலையடிவாரக் காட்டில் இருக்கிற செண்பகத்தோப்புக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்தோம். இலைகளுக்கு நடுவே வெயில் பொடிப்பொடியாக இறங்கியது. சில்வண்டுகள் காடு முழுக்க ஒரே குரலில் கத்தின. எனக்கு மண்டைக்குள் அரம் வைத்து ராவுகிற மாதிரி இருந்தது. செல்வின் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"எம்புட்டு அமைதியா இருக்கு, பாத்தியாலே."

வ. புதுப்பட்டி பஸ்

அந்தச் சில்வண்டுச் சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. முப்பது வருஷ மில் சத்தம் செல்வின் காதில் மேல் சுரங்களை மட்டும் தின்றுவிட்டிருக்கிறது. அவனுக்கு எட்டுகிறவரை சிம்பலைக் கூட்டியிருக்கிறான், பாவம். சொல்லாமல் விட்டால் ஊர் வைதுகொண்டே இருக்கும். சொன்னால் அவன் டிரம்ஸையே விட்டுவிடுவான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு மணி ஷிப்ட் முடிந்து வ. புதுப்பட்டிக்குப் போகும் மில் பஸ்ஸில் அவனோடு ஏறினேன். பஸ் ஏதோ கோளாறு பண்ணுகிறது, வந்து பார் என்று டிரைவர் செல்வினைக் கூப்பிட்டிருந்தார். பெண்கள் தலையில் பஞ்சு ஒட்டியபடியே ஜன்னலில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். டிரைவர் எங்கள் ஆல்பத்தைப் போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் செல்வின் காதோரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் சாப்பாட்டுப் பையிலிருந்து டிரம்ஸ் குச்சி இரண்டையும் எடுத்து என் மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் என் காதில் பாட்டு விழுந்தது. இஞ்சின் இரைச்சலுக்கு மேலே சிம்பல் வலிக்கவே இல்லை. தூறல் மாதிரி விழுந்தது, அதற்குள் ரெங்கன் குரல் தெளிவாக வந்தது. இந்தப் பெண்களும் வருஷக்கணக்காக அதே மில் சத்தத்தில் நிற்கிறவர்கள், செல்வினுக்கு இருக்கிற காதுதான் அவர்களுக்கும். வயல்கள் மெதுவாகப் பின்னால் போயின, நான் கனவில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பஸ் வ. புதுப்பட்டியில் நின்றபோது எட்டாவது பாட்டு பாதியில் இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் சாவியில் கை வைத்தார். முன்சீட்டில் கண்ணை மூடியிருந்த ஒரு அக்கா, மூடியபடியே சொன்னாள்:

"அண்ணே, இஞ்சினை நிப்பாட்டிராதீங்க, இந்தப் பாட்டு முடியட்டும், பொறவு எறங்குதோம்."

செல்வின் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி என் மடியிலிருந்த குச்சிகளை எடுத்துக்கொண்டான்.

ஆகவே விமர்சகப் பெருமக்களே, அடுத்த தடவை எங்களுக்கு மார்க் போடும் முன்னால், எட்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வந்து ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.